முடிவெடுக்க உதவும் மென்பொருளை மாணவர்கள் ஏற்பது பண்பாட்டைப் பொறுத்ததா?

பண்பாடு குறுக்கே வரும். ஆனால் ‘இந்தியர் இப்படி, ஆப்பிரிக்கர் அப்படி’ என்று பிரித்து எழுதிவிடுகிற மாதிரி வராது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு, முடிவெடுக்க உதவும் மென்பொருள் பற்றிய பாடம்தான் நடத்துகிறேன். தமிழ்ப் பிள்ளைகளும் அந்நாட்டு ஆப்பிரிக்க இனமான சூலு பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள்.

மென்பொருள் பயனுள்ளது, கையாள எளிது என்று தோன்றினால் ஆட்கள் அதை ஏற்பார்கள் என்று 1989-இல் ஃபிரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் சொன்னார். 1997-இல் ஸ்ட்ராப் என்ற ஆய்வாளரின் குழுவினர் மூன்று நாட்டு விமான நிறுவன ஊழியர்களிடம் மின்னஞ்சலை வைத்து இதைச் சோதித்தார்கள். அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் பொருந்தியது, ஜப்பானில் பொருந்தவில்லை.

ஏன் பொருந்தாமல் போகும் என்பதற்கு என் வகுப்பிலேயே ஒரு விடை கிடைத்தது. நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் இருப்பது தாமஸ் சாட்டி என்ற கணித அறிஞரின் முறை. சம்பளம், பாதுகாப்பு போன்ற அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, எது எவ்வளவு முக்கியம் என்று 1 முதல் 9 வரை எண் போட வேண்டும். ஐந்து அளவுகோல் என்றால் பத்து ஒப்பீடு. விடைகள் ஒன்றோடொன்று முரண்பட்டு, அந்த முரண்பாட்டை அளக்கும் விகிதம் 0.10-ஐத் தாண்டினால் திரும்பப் பார்க்கச் சொல்லும். டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண், ஜோகன்னஸ்பர்க் வேலையா, இங்கேயே மேற்படிப்பா என்று போட்டுப் பார்த்தாள். தாண்டிவிட்டது. உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தோம். சம்பளம் வந்த இடமெல்லாம் அப்பாவின் கணக்கு, பாதுகாப்பு வந்த இடமெல்லாம் ஆயாவின், அதாவது பாட்டியின், பயம். ஆயாவைக் கேட்காமல் இதற்கு நான் எப்படி எண் போடுவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. சரி, மூவரும் தனித்தனியாக நிரப்பட்டும் என்று சொல்லி, மூன்று தாள்களுக்கும் பெருக்குச் சராசரி (மூன்று எண்களையும் பெருக்கி அதன் கனமூலம்) எடுத்தோம். இந்த முறையிலேயே அதற்கு இடமுண்டு. அதன் பிறகு அவளுக்கு அந்த மென்பொருள்மேல் எந்த வருத்தமும் இல்லை.

அரசு உதவித்தொகையில் படிக்கும் ஒரு சூலு மாணவனும் அதே இடத்தில்தான் நின்றான். முதல் சம்பளம் வந்ததும் தம்பி தங்கை படிப்புக்குப் போக வேண்டும். அந்தக் கடமைக்கு அவன் மட்டும் எப்படி எண் போடுவான்? ஆனால் ‘உன் இஷ்டம்’ என்று வீட்டில் விட்டுவிட்ட இன்னொரு தமிழ்ப் பையன் மளமளவென்று முடித்துவிட்டான்.

ஒவ்வொரு நாட்டுப் பண்பாட்டுக்கும் ஹாஃப்ஸ்டெட் என்ற ஆய்வாளர் போட்ட மதிப்பெண்களை எடுத்து இதற்கெல்லாம் விளக்கம் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவை 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டியவை. தென்னாப்பிரிக்காவில் சேர்ந்தவர்களோ வெள்ளையர் மட்டும்! அந்த எண்ணை வைத்துக்கொண்டு சாட்ஸ்வொர்த் பெண்ணையோ சூலு பையனையோ பற்றி எதுவும் சொல்ல முடியாது.

நீங்கள் ஆய்வு செய்கிறீர்கள் என்றால், மாணவரின் நாட்டையும் இனத்தையும் குறித்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். படிப்புச் செலவு யார் தருகிறார்கள், இந்த முடிவில் உங்களோடு வேறு யாருக்குப் பங்கு உண்டு என்ற இரண்டையும் கேளுங்கள். மென்பொருள் எளிதா கடினமா என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.