டெஸ்டர் வேலையிலிருந்து புராடக்ட் மேனேஜர் ஆக வழி உண்டா?

பினாங்கு சுங்கை ஆராவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 28, பாயான் லெப்பாஸில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஐந்து வருடமாக டெஸ்டர். "அக்கா, புராடக்ட் மேனேஜர் ஆகணும்னு ஆசை. எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் மூணு வருஷ அனுபவம் கேட்கிறாங்க. வேலை கிடைக்காம அனுபவம் எங்கிருந்து வரும்? எம்பிஏ படிக்கட்டுமா? ரெண்டு நாள் சான்றிதழ் வகுப்பு ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன், அதுல சேரட்டுமா? இல்ல, கோலாலம்பூருக்கு வந்தாத்தான் நடக்குமா?"

எம்பிஏ இப்போது வேண்டாம். சான்றிதழுக்குக் கைக்காசு போடாதீர்கள். கோலாலம்பூருக்கு மூட்டை கட்டுவதற்கு முன்னால் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். பினாங்கில் இது பெரிய தலைவலி. 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழில் மண்டலம் தொடங்கி, அதே வருடம் இன்டெல்லும் வந்த காலத்திலிருந்து இங்கே 'புராடக்ட்' என்றாலே பலருக்குச் சிப்தான். 'புராடக்ட் இன்ஜினியர்' என்று விளம்பரம் வந்தால் அது பெரும்பாலும் சிப்பின் டெஸ்ட் டேட்டாவையும் யீல்டையும் (செய்ததில் எத்தனை சிப் பழுதில்லாமல் தேறுகிறது என்பதையும்) பார்க்கிற வேலை. கோலாலம்பூர் வங்கிகளில் 'புராடக்ட் மேனேஜர்' என்றால் கிரெடிட் கார்டையோ வீட்டுக் கடனையோ பார்த்துக்கொள்பவராக இருக்கலாம். நல்ல வேலைகள்தான், ஆனால் நீங்கள் கேட்கிற வேலை அதுவல்ல. புராஜெக்ட் மேனேஜரும் வேறு: அவர் வேலை எப்போது முடியும் என்று பார்ப்பார், புராடக்ட் மேனேஜர் அந்த வேலையைச் செய்யத்தான் வேண்டுமா என்று கேட்பார். அதனால் தலைப்பைப் பார்த்து ஒதுக்காதீர்கள். 'புராடக்ட் ஓனர்', 'பிசினஸ் அனலிஸ்ட்' என்று போட்டிருந்தாலும் உள்ளே படியுங்கள். யூசரிடம் பேசுவது, எதை முதலில் கட்டுவது என்று முடிவெடுப்பது, இரண்டும் இருந்தால் அது உங்களுக்கான கதவு.

(இந்த வேலையின் கொள்ளுத்தாத்தா சோப்பு விற்றவர். 1931-இல் புராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் முழுப் பொறுப்பாகத் தனி ஆள் வேண்டும் என்று மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு எழுதினார். ஆள் பற்றவில்லை என்று கேட்கப் போய் ஒரு தொழிலே பிறந்துவிட்டது.)

எதைக் கட்டக்கூடாது என்று தெரிவதுதான் இந்த வேலையில் பாதி. எனக்கு அது செலவு வைத்துத்தான் புரிந்தது. சப்போர்ட் பிரிவில் போன் எடுத்துக்கொண்டிருந்த என்னை ஒரு நிறுவனம் புராடக்ட் பக்கம் மாற்றியது. சின்னக் கடைகளுக்கான பில்லிங் ஆப். மளிகைக் கடைக்காரர்கள் எல்லோரும் கடன் கொடுக்கிறார்கள், அதனால் கடன் கணக்குக்கு ஒரு ஃபீச்சர் வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர், கடன் வரம்பு, தேதி தாண்டினால் தானாகவே போகிற நினைவூட்டல் மெசேஜ். நாலு டெவலப்பர், மூன்று மாதம். லாஞ்ச் செய்தோம். யாரும் தொடவில்லை.

அப்புறம்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைக்குப் போய் உட்கார்ந்தேன். முன்பே போயிருக்க வேண்டும், போகவில்லை. அந்த அம்மா கல்லாவுக்கு அடியிலிருந்து 555 நோட்டை எடுத்துக் காட்டினார், நம் எல்லோர் வீட்டிலும் ஒரு காலத்தில் இருந்த அதே குட்டி நோட்டு. அதில் யாருடைய பெயரும் இல்லை. 'பச்சை கேட்டு வீடு', 'மோட்டார் தம்பி', 'டீச்சர் மருமக' என்று இருந்தது. போன் நம்பர்? அவருக்குத் தெரியாது, தேவையும் இல்லை. மெசேஜ் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டார்: "கடனைக் கேட்டு மெசேஜ் போச்சுன்னா நாளைக்கு அவன் எதிர்க்கடைக்குப் போயிடுவான்மா." அவருடைய கவலையே வேறு. ராத்திரி கடை சாத்தும்போது கல்லாவில் இருக்கிற காசும் விற்ற கணக்கும் ஒத்துப்போகவில்லை, மகன் எடுத்தானா, தான்தான் மீதியைத் தப்பாகக் கொடுத்தோமா என்று தெரியவில்லை. கடன் ஃபீச்சரைத் தூக்கிவிட்டு, கடை சாத்தும்போது கல்லாவைச் சரிபார்க்க ஒரே ஒரு திரை செய்தோம். இரண்டு வாரத்தில் முடிந்தது, அதைத்தான் தினமும் திறந்தார்கள்.

சரி, இனி உங்கள் விஷயம். அனுபவம் இல்லை என்கிறீர்கள். ஐந்து வருடமாக ஒரு சாஃப்ட்வேர் எங்கெங்கே உடைகிறது என்று பார்த்தவருக்கு அனுபவம் இல்லை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குறை வேறு இடத்தில் இருக்கிறது: நீங்கள் எழுதியதெல்லாம் பக் ரிப்போர்ட்டாகவே, அதாவது கோளாறு அறிக்கையாகவே இருக்கிறது. ஓர் உதாரணம் பாருங்கள். ஓடிபி வரவில்லை என்று யூசர்கள் 'மறுபடி அனுப்பு' பட்டனை மூன்று தடவை அழுத்துகிறார்கள். டெஸ்டர் பார்த்துவிட்டு, பட்டன் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று எழுதி டிக்கெட்டை மூடுவார். புராடக்ட் மேனேஜர் அங்கேதான் தொடங்குவார். ஏன் மூன்று தடவை? ஒரு நாளைக்கு எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் அதோடு ஆப்பை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள்? ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸுக்கும் நிறுவனம் எவ்வளவு கட்டுகிறது? ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன நஷ்டம்?

இந்த மாதம் இதைச் செய்யுங்கள். கோளாறுகளைப் பதிவு செய்கிற உங்கள் ஜிராவில் கடந்த ஆறு மாதமாகத் திரும்பத் திரும்ப வரும் ஒரு தொல்லையை எடுங்கள். பெரியதாக வேண்டாம். கஸ்டமர் சப்போர்ட்டில் யாரிடமாவது சாப்பாட்டு நேரத்தில் பேசி, உண்மையான யூசர்கள் என்ன வார்த்தையில் புலம்புகிறார்கள் என்று அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: யாருக்கு என்ன கஷ்டம், அதற்கு என்ன ஆதாரம், எதைச் செய்யலாம், எதை வேண்டுமென்றே விடுகிறோம், சரியாகிவிட்டது என்று எந்த எண்ணைப் பார்த்துச் சொல்வோம். இதில் 'எதை விடுகிறோம்' என்கிற பகுதியைத்தான் எல்லோரும் தவிர்ப்பார்கள், நான் ஆள் எடுக்கும்போது முதலில் படிப்பது அதைத்தான். ஆதாரத்துக்கு எண் வேண்டும், எண்ணை யாரிடமும் கெஞ்சி வாங்காமல் இருக்க, டேட்டாபேஸிலிருந்து நீங்களே தகவல் எடுக்கிற மொழியான எஸ்கியூஎல் வேண்டும். ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒன்றிரண்டு மாதத்தில் தேவையான அளவு வந்துவிடும்.

வேலை மாற்றத்துக்கு எனக்குத் தெரிந்து சுலபமான வழி உள்ளேயே மாறுவது. வெளியே உங்களை டெஸ்டராக மட்டும் பார்ப்பார்கள், உள்ளே உங்கள் பெயர் தெரியும். இப்போதிருக்கும் புராடக்ட் மேனேஜரிடம், சின்ன ஃபீச்சர் ஒன்றை ஆரம்பத்திலிருந்து ரிலீஸ் வரை நான் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேளுங்கள். அவர்கள் தலைக்கு மேல் வேலையோடு இருப்பார்கள், வேண்டாம் என்று சொல்வது அபூர்வம். முதல் மாற்றத்தில் சம்பளம் ஏறாமலே போகலாம், அதை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துறையையும் பிடித்துக்கொள்ளுங்கள். இ-இன்வாய்ஸ், அதாவது இன்வாய்ஸை வரி வாரியத்துக்கு மின்னியல் முறையில் அனுப்பி உறுதி செய்கிற முறை, நல்ல உதாரணம். 2024 ஆகஸ்டு 1-இல் ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களோடு தொடங்கி, கட்டம் கட்டமாக மற்றவர்களுக்கும் வந்தது. உறுதி செய்யப்பட்ட இன்வாய்ஸை ரத்து செய்ய 72 மணி நேரம்தான். 73-ஆவது மணியில் கடைக்காரர் தப்பைக் கண்டுபிடித்தால் திரையில் என்ன காட்டுவது? இப்படிப்பட்ட கேள்வி டெஸ்டருக்குத் தூக்கத்திலேயே வரும். மற்றவர்கள் அதை விலை கொடுத்துத்தான் கற்கிறார்கள்.

இன்டர்வியூவில் வழக்கமாக ஒரு கேள்வி வரும்: ஆர்டர் எண்ணிக்கை திடீரென்று 20 சதவீதம் குறைந்துவிட்டது, என்ன செய்வீர்கள்? பலர் உடனே தள்ளுபடி, நோட்டிஃபிகேஷன் என்று தீர்வுக்குத் தாவுவார்கள். நீங்கள் பக்கைத் துரத்துவது போலத் துரத்துங்கள். எண்ணுகிற கணக்கே சரிதானா, ஆண்ட்ராய்டிலா ஐபோனிலா, எந்தத் தேதியிலிருந்து, அன்றைக்கு என்ன ரிலீஸ் போனது, கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டுமா? அது ஹரி ராயா வாரமாக இருந்தால் பாதிப் பேர் பாலிக் கம்போங் என்று சொந்த ஊருக்குப் போயிருப்பார்கள், ஆப்பில் கோளாறே இருக்காது.

மொழியையும் ரெஸ்யூமில் போடுங்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு கடைக்காரரிடம் போய்ப் பேச முடிகிறவர் எத்தனை பேர்? சனிக்கிழமை காலை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பினாங்கு ஸ்ட்ரீட்டிலிருந்து மார்க்கெட் ஸ்ட்ரீட் வரை நடந்து, கியூஆர் பணம் வந்ததை எப்படி உறுதி செய்கிறீர்கள் என்று ஐந்து கடையில் கேளுங்கள். ஒரு காலத்தில் கல்லாமேல் ஒவ்வொரு வாலெட்டுக்கும் தனித்தனி அட்டை நின்றது. டுயிட்நவ் என்கிற பொது கியூஆர் வந்தபின் ஒரே அட்டையில் எல்லா வங்கிக்கும் வாலெட்டுக்கும் ஆகிறது. ஆனால் கூட்ட நேரத்தில் வாடிக்கையாளர் தன் போன் திரையைக் காட்டிவிட்டு நடந்துவிடுவார், கடைக்காரர் அதை நம்புவதா வேண்டாமா? அந்த ஐந்து பதில்களை வைத்தே ஒரு பக்கம் எழுதலாம்.

சான்றிதழ் பற்றி: அந்த இரண்டு நாள் வகுப்பு கலைச்சொற்களைக் கற்றுத்தரும், கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் நிறுவனம் ஊழியர் பயிற்சிக்கான அரசு அமைப்பான எச்ஆர்டி கார்ப்புக்கு லெவி கட்டுகிறதென்றால் அந்தப் பணத்திலேயே உங்களை அனுப்பலாம், எச்ஆரிடம் கேளுங்கள். எம்பிஏ எப்போதாவது படிக்கலாம், இந்தக் கதவைத் திறக்க அது சாவி இல்லை.

கோலாலம்பூர்? புராடக்ட் வேலைகள் இங்கேதான் அதிகம், பங்சார் சவுத், பெட்டாலிங் ஜெயா பக்கம் போனால் தெரியும். பினாங்கில் பல இடங்களில் எதைக் கட்டுவது என்கிற முடிவு வேறு நாட்டுத் தலைமையகத்தில் நடக்கிறது, அதுதான் அங்கே உண்மையான தடை. அதனால் ஒரு வருடம் அங்கேயே சின்னதாக ஒன்றிரண்டு ஃபீச்சர்களைக் கையில் எடுத்துச் செய்துவிட்டு அப்புறம் வாருங்கள். இன்டர்வியூவுக்கு வரும்போது பட்டர்வொர்த்திலிருந்து ஈடிஎஸ் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, உட்கார்ந்து தயார் செய்ய வசதி.

கடைசியாக ஒன்று: நிறுவனத்துக்குள் எழுதிய அந்த ஒரு பக்கத்தை அப்படியே வெளியே காட்டாதீர்கள், எண்களும் யூசர் விவரமும் அவர்களுடைய சொத்து. வெளியே காட்ட லிட்டில் இந்தியா பக்கம் போதும். உள்ளே எழுதியதை மேலாளரிடம் கொடுப்பதற்கு முன்னால் சப்போர்ட்டில் பேசினீர்களே, அவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் எந்த வரியில் "யூசர் இப்படிச் சொல்லவே மாட்டாங்க" என்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.