ஊதாத விசிலும் ஓயாத வழக்கும்

பெங்களூரு எஃப்.சி.யும் கேரளா பிளாஸ்டர்ஸும் 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் மோதிய இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து நாக்-அவுட் (தோற்ற அணி வெளியேறும்) ஆட்டத்தைப் பற்றி, ‘என் அணி வென்றும் நான் கைதட்ட மறந்த ஒரே ஆட்டம்’ என்று சென்ற இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி இத்தனை பேரைப் பேனா எடுக்க வைக்கும் என்று நினைக்கவில்லை. என் அணியான பெங்களூரு, ஃப்ரீ கிக்கில் (எதிரணியின் விதிமீறலுக்காகக் கிடைக்கும் உதையில்) விசிலுக்குக் காத்திராமல் கோல் அடிக்க, அதை ஏற்காத கேரள அணி பாதியிலேயே களத்தை விட்டு வெளியேறிய ஆட்டம் அது. ஆகவே இம்முறை இந்தப் பக்கம் முழுவதும் அந்தப் பகைமைக்கே.

கேள்வி: அன்று நான் மகனோடு மேற்கு கேலரியில் இருந்தேன். ஃப்ரீ கிக் என்றதும், எதிரணியினர் வரிசையாக நின்று சுவர் அமைக்க எப்படியும் ஒரு நிமிடம் ஆகுமே என்று எண்ணி, இருக்கைக்கு அடியில் விழுந்துவிட்ட பையனின் நீலத் துண்டை எடுக்கக் குனிந்தேன். நிமிர்வதற்குள் கோல். அலுவலகத்தில் மலையாள நண்பர்கள் இன்றைக்கும் அதைத் ‘திருட்டு கோல்’ என்கிறார்கள். கோலையே பார்க்காதவன் என்ன பதில் சொல்வது? அது முறையான கோல்தானா, ஐயா?
– அல்சூர் வாசகர்

பதில்: வெட்கப்பட வேண்டாம். அந்தக் கோலைப் பார்க்காதவர்களில் முதல் ஆள் கேரள அணியின் கோல்கீப்பர் பிரப்சுகன் கில். அவர் சுவரை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டிருந்தபோதுதான், மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்திருந்த பெங்களூருவின் சுனில் சேத்ரி, காவல் இல்லாத பக்கமாகப் பந்தை மெல்லத் தூக்கி வலைக்குள் போட்டார். 90 நிமிடங்களுக்குப் பின் ஆடப்படும் 30 நிமிடக் கூடுதல் நேரத்தில், 96-ஆவது நிமிடம் அது. அதுவரை இரு அணிகளும் கோல் அடிக்கவில்லை.

இனி விதிக்கு வருவோம். ஃப்ரீ கிக் பெற்ற அணி எப்போதும் விசிலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது கேலரிகளில் உலவும் தவறான நம்பிக்கை. பந்து உரிய இடத்தில் அசையாமல் இருந்தால் உடனே உதைக்கலாம். எதிரணியினர் 9.15 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது உதைப்பவருக்கு அளிக்கப்பட்ட உரிமை. அவர் அது வேண்டாமென்று விட்டுக்கொடுத்தால் ஆட்டம் அந்தக் கணமே தொடங்கிவிடுகிறது. மாறாக, அவர் அந்த தூரத்தைக் கேட்டாலோ, நடுவர் சுவரைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கினாலோ, அட்டை காட்டினாலோ, காயத்துக்காக ஆட்டம் நின்றாலோ, அதன் பிறகு விசில் ஊதாமல் உதைக்கக் கூடாது.

வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. நடுவர் ஏற்கெனவே தலையிட்டுவிட்டார், ஆகவே விசில் தேவைப்பட்டது என்பது கேரளத் தரப்பின் வாதம். சேத்ரியோ, தனக்கு விசிலும் வேண்டாம் சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் கூறியதாகவும், பந்துக்கு அருகில் நின்ற கேரள ஆட்டக்காரர் அட்ரியன் லூனா அதைக் கேட்டதனால்தான் முதல் முயற்சியை மறித்ததாகவும், அவர் திரும்பியபோது தான் உதைத்ததாகவும் ஆட்டம் முடிந்த பின் சொன்னார். லூனா முதலில் மறித்தார் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். உதை வரப்போவதில்லை என்று நம்பியவர் எதற்காகக் குறுக்கே நிற்க வேண்டும்? என்னைக் கேட்டால் கோல் செல்லும். வீட்டுக்காரர் பத்துப் பேர் விழித்திருக்க, காவலரிடம் சொல்லிவிட்டுப் பட்டப்பகலில் எடுத்துச் செல்வதற்குத் திருட்டு என்று பெயரில்லை என்று உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் ஏற்கமாட்டார்கள், அது வேறு விஷயம்.

கேள்வி: அநீதி நடந்துவிட்டது என்று ஓர் அணி உளமார நம்பினால், களத்தை விட்டு வெளியேறுவதில் என்ன தவறு? சத்தியாக்கிரகம் நடத்திய நாட்டில் வெளிநடப்பு கூடாதா?
– கம்மனஹள்ளி கல்லூரி மாணவர்

பதில்: சட்டமன்றத்தில் வெளிநடப்புச் செய்தவர் மறுநாள் திரும்பி வரலாம். நாக்-அவுட் ஆட்டத்தில் மறுநாள் என்பதே கிடையாது.

அந்தக் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. இந்தியன் சூப்பர் லீகில் காணொளி பார்த்து முடிவை மாற்றும் உதவி நடுவர் முறை இல்லை. களத்தில் நிற்கும் ஒருவர் கண்ணால் கண்டதே இறுதி. அப்படிப்பட்ட போட்டியில், ஒரு பருவம் முழுவதும் உழைத்து வந்த அணி ஒற்றை ஆட்டத்தில், தயாராவதற்குள் கோல் வாங்கினால் பயிற்சியாளருக்கு இரத்தம் கொதிக்கத்தான் செய்யும். ஆனால் கேரளப் பயிற்சியாளர் இவான் வுகோமனோவிச் தம் ஆட்டக்காரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டபோது ஆட்டத்தில் இன்னும் 24 நிமிடங்கள் மிச்சம் இருந்தன. ஒரே ஒரு கோல் பின்தங்கல். அந்தப் பருவத்தில் கேரளம் எத்தனையோ முறை அதைவிட மோசமான நிலையில் இருந்திருக்கும்.

அதன் பிறகு நடந்ததை நான் கிழக்கு கேலரியிலிருந்து பார்த்தேன். ஏறக்குறைய இருபது நிமிடம். நீலச் சட்டைக்காரர்கள் மட்டும் மைதானத்தில் நின்று கால்களை உதறிக்கொண்டும், தமக்குள் பந்தைத் தட்டிக்கொண்டும் இருந்தார்கள். மேற்கிலிருந்து எழுந்த முழக்கம் மெல்ல மெல்லக் குறைந்து, என்ன நடக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கும் முணுமுணுப்பாக மாறிற்று. என் வரிசைக்கு இரண்டு வரிசை கீழே, மஞ்சள் சட்டை அணிந்த நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தொலைபேசியில் யாரிடமோ, ‘இல்ல, களி கழிஞ்ஞிட்டில்ல, களி கழிஞ்ஞிட்டில்ல’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடியவில்லை என்று அவர் சத்தியம் செய்துகொண்டிருந்த நேரத்தில், நடுவர் ஆட்டத்தை முடித்து பெங்களூருவை வெற்றி பெற்றதாக அறிவித்தார். இரவெல்லாம் பேருந்தில் பயணித்து வந்திருக்கக்கூடிய அந்த மனிதருக்கு எஞ்சியிருந்த 24 நிமிடங்களைப் பறித்தவர் சேத்ரி அல்லர், நடுவரும் அல்லர்.

தண்டனையும் கடுமையாகவே வந்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, ஆட்டத்தை மறுபடி நடத்தும் கோரிக்கையைத் தள்ளிவிட்டு, கேரள அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டங்களுக்குத் தடையும் 5 லட்ச ரூபாய் அபராதமும் விதித்தது. முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. 2012 டிசம்பர் 9 அன்று ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரான கொல்கத்தா ஆட்டத்தில் மோகன் பகான் இடைவேளைக்குப் பின் களமிறங்க மறுத்தது. முதலில் இரண்டாண்டுத் தடை, பிறகு அது நீங்கி 2 கோடி அபராதமும் புள்ளிக் குறைப்பும். அன்று அந்த அணியின் ஆட்டக்காரர் ஒருவர் கேலரியிலிருந்து வந்த கல்லால் முகத்தில் அடிபட்டிருந்தார். வெளியேறியதற்கு அவர்களிடம் இருந்த காரணம், கண்டீரவாவில் இருந்த காரணத்தைவிடக் கனமானது என்றே நான் கருதுகிறேன். அப்படியும் தப்பவில்லை.

கேள்வி: நான் பெங்களூருவில் பிறந்த தமிழ்ப் பெண், கணவர் திருச்சூர்க்காரர். மார்ச் 3 வந்தாலே வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதற்கு ஏதேனும் வழி உண்டா?
– ஜாலஹள்ளி வாசகி

பதில்: வழியெல்லாம் எதற்கு, அம்மா? ஆண்டுக்கு ஒரு நாள்தானே. அன்று சமையல் யார் முறை என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: இந்தப் பகைமை எல்லாம் தொலைக்காட்சிக்காரர்கள் மூட்டிவிட்டதுதானே? நாங்கள் கௌதமபுரத்துச் சந்துகளில் வெறுங்காலோடு ஆடிய காலத்தில் கேரளத்தோடு எங்களுக்கு என்ன சண்டை இருந்தது?
– ஓய்வு பெற்ற வாசகர், கௌதமபுரம்

பதில்: பெலேவுக்குச் சிலை வைத்த பேட்டைக்காரரிடம் நான் வாதாடத் துணியமாட்டேன். இருந்தாலும் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பெங்களூரு எஃப்.சி. தொடங்கப்பட்டது 2013-இல், ஐ-லீக் என்ற வேறொரு தேசியத் தொடரிலிருந்து இந்தியன் சூப்பர் லீகுக்கு வந்தது 2017-இல். ஆகவே இந்தக் குறிப்பிட்ட பகைமைக்கு வயது மிகக் குறைவு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் போன்றோரின் காலத்தில், மைசூர் (இன்றைய கர்நாடகம்) அணிக்காரர்களின் கண், மாநிலங்கள் மோதும் சந்தோஷ் கோப்பையின்போது வங்காளத்தின் மீதுதான் இருந்தது.

ஆனால் மூட்டிவிடுவதற்கு முதலில் விறகு வேண்டும். இந்நகரில் வாழும் மலையாளிகளின் தொகையை எண்ணிப் பாருங்கள்; கேரள அணி இங்கே ஆட வரும்போது கஸ்தூர்பா சாலை நெடுக மஞ்சள் வழிகிறது. சொந்த மைதானத்திலேயே விருந்தாளி போல் உணர நேரும் ரசிகன் சற்று உரக்கத்தான் கத்துவான். எங்கள் ரசிகர் குழுவான வெஸ்ட் பிளாக் புளூஸும் கேரள ரசிகர் குழுவான மஞ்ஞப்படையும் ஒருவரையொருவர் வளர்த்துவிட்டார்கள் என்று சொன்னால் இருவருக்குமே கோபம் வரும், ஆனால் அதுதான் உண்மை. (சம்பங்கி ஏரியைத் தூர்த்த இடத்தில்தான் கண்டீரவா நிற்கிறது என்பதும், கரகத் திருவிழாவுக்காக ஏரியின் ஒரு மூலை மட்டும் குளமாக விட்டுவைக்கப்பட்டிருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை பெய்த நாளில் ஆட்டம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏரியின் நினைவு வரும்.)

கேள்வி: வென்ற ஆட்டத்தில் கைதட்ட மறந்தேன் என்கிறீர்கள். அப்படியானால் தோற்ற ஆட்டம் எதையாவது மனநிறைவோடு நினைவுகூர முடியுமா? சென்னையின் எஃப்.சி.யோடு மோதும்போது தமிழரான நீங்கள் எந்தப் பக்கம்?
– ஒயிட்ஃபீல்டு வாசகர், சொந்த ஊர் வேலூர்

பதில்: இரண்டு கேள்விக்கும் விடை ஒரே ஆட்டத்தில் இருக்கிறது. 2018 மார்ச் 17, இறுதிப் போட்டி, அதே கண்டீரவா. பெரம்பூரிலிருந்து என் பெரியப்பா மகன் ரயிலேறி வந்திருந்தான். இரண்டு அணிக்கும் நிறம் நீலமே என்பதால், அருகருகே அமர்ந்திருந்த நாங்கள் எதிரெதிர் அணிக்காரர்கள் என்பது கோல் விழும்வரை எவருக்கும் தெரியாது. நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊர். ஆதரிப்பது இந்த ஊர் அணியை. மொழி வீட்டில் இருக்கிறது, அணி தெருவில் இருக்கிறது என்று அண்ணனிடம் சொல்லிவைத்திருந்தேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி தலையால் முட்டிக் கோல் அடித்தபோது நான் எழுந்த வேகத்தில் அவன் கையிலிருந்த கடலைப் பொட்டலம் சிதறிவிட்டது. அதன் பிறகு எழுந்தவன் அவன்தான். 17-ஆவது நிமிடம் ஒன்று, இடைவேளைக்குச் சற்று முன்னர் ஒன்று. இரண்டுமே கார்னரில் வந்த பந்துகள், இரண்டுமே சென்னை அணியின் பிரேசில் தற்காப்பாளர் மைல்சன் ஆல்வெஸின் தலை. 67-ஆவது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ தொலைவிலிருந்து அடித்த மூன்றாவதற்கு நானே ‘அடடா’ என்றுவிட்டேன். கூடுதலாகக் கிடைத்த கடைசி நிமிடங்களில் எங்கள் அணியின் மிக்கு ஒன்றைத் திருப்பி, மூன்றுக்கு இரண்டு என்றாக்கினார். இறுதி விசில் ஊதும்வரை என் கை அண்ணனின் தோளைப் பிடித்திருந்தது என்பதை அவன் சொல்லித்தான் அறிந்தேன். வெளியே வந்து கஸ்தூர்பா சாலையில் நடக்கும்போது அவன் ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை. இரண்டு தேநீர் வாங்கி, ஒன்றை என்னிடம் நீட்டி, ‘அந்த ரெண்டாவது கார்னருக்கு உங்க ஆளுங்க ஒருத்தனும் எகிறலையேடா’ என்றான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

தோல்விதான், ஆனால் கடைசி நொடிவரை முழுதாக ஆடித் தோற்ற தோல்வி. எங்கே தோற்றோம் என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. 2023-இல் வெற்றியை ஓர் ஒலிபெருக்கி அறிவிப்பாகத்தான் பெற்றுக்கொண்டேன். கேரளம் திரும்பி வந்து, அந்த 24 நிமிடங்களில் சமன் செய்து, பெனால்டியில் எங்களை வீழ்த்தியிருந்தால்கூட இன்றைக்கு எனக்குச் சொல்ல ஒரு கதை இருந்திருக்கும். இப்போது இருப்பது ஒரு வழக்கு மட்டும்.

கேள்வி: மும்பை சிட்டியை 5–0 என்று நொறுக்கிய ஆட்டத்தை ஏன் யாரும் இவ்வளவு பேசுவதில்லை?
– சிவாஜிநகர் வாசகர்

பதில்: 2025 மார்ச் 29 நாக்-அவுட் ஆட்டத்தைச் சொல்கிறீர்கள். அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். பேசுவதற்கு மீதி எதுவும் இல்லை.

கேள்வி: அந்தக் கோலுக்குப் பிறகு இரு அணிகளும் சந்தித்தபோது என்ன ஆயிற்று? கணக்குத் தீர்ந்ததா?
– கே.ஆர். புரம் வாசகி

பதில்: முதலில் 2023 ஏப்ரலில் கோழிக்கோட்டில், சூப்பர் கோப்பையில் சந்தித்து 1–1 என்று சமன் செய்தார்கள். உண்மையான கணக்கு செப்டம்பர் 21 அன்று கொச்சியில், புதிய பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே வந்தது. தடையில் இருந்த வுகோமனோவிச் அன்றும் மைதான ஓரத்தில் இல்லை. பெங்களூருவின் வீண்டார்ப் சொந்த வலைக்குள் ஒன்றைத் தள்ளிவிட்டார். இரண்டாவது கோல்தான் நீங்கள் பார்க்க வேண்டியது. நம் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சாந்து, காலில் வந்த பந்தைச் சற்றே அதிகமாகத் தட்டிவிட, பாய்ந்து வந்து அதைப் பறித்து வெற்று வலைக்குள் தள்ளினார் ஒருவர். ஆட்டம் 2–1, கேரளத்துக்கு. அந்த ஒருவர் அட்ரியன் லூனா. அன்று அவர் பந்துக்கு முதுகைக் காட்டவில்லை.