ஓசூர் மனையை விற்காதீர்கள், பெண்ணைக் கெமிஸ்ட்ரி படிக்க விடுங்கள்

சார், போன வாரம் நீங்களும் உங்கள் தம்பியும் பெண்ணை அழைத்துக்கொண்டு என்னிடம் மேற்படிப்பு ஆலோசனைக்கு வந்தபோது பேச்சு முழுக்க எம்.பி.பி.எஸ். சீட்டைச் சுற்றியே போனது. நீட் இரண்டு முறை எழுதியாகிவிட்டது. மூன்றாவது முறைக்குக் கோச்சிங் முன்பணம் கட்டுவதா, ஓசூர் மனையை விற்று மேனேஜ்மென்ட் சீட் வாங்குவதா என்று கேட்டீர்கள். அன்று தைரியம் சொல்லி அனுப்பினேன். இப்போது நேராகவே சொல்கிறேன்: இரண்டுமே வேண்டாம்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் படிப்பு முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டுவது சாதாரணம். மனை போனாலும் மீதிக்குக் கடன்தான். அவளுக்குப் பின்னால் ஒரு பையன் வேறு இருக்கிறான். இவ்வளவும் அவள் கேட்காத ஒன்றுக்காக.

அவள் கேட்டது என்ன? சித்தப்பா சற்று நிறுத்தியபோது, "பாட்டி சாப்பிடுற மாத்திரை மாதிரி ஒண்ணைச் செய்யணும்" என்றாள். உடனே அவர், "கேன்சர் ஆராய்ச்சின்னா பயோடெக்தான், பி.இ. சேர்த்துடலாம்" என்றார். அது சரியில்லை.

பாட்டி சாப்பிடுவது இமாட்டினிப், சிஎம்எல் என்ற வகை ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரை. அந்த நோயில் 9, 22ஆம் குரோமோசோம்கள் உடைந்து துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் பிசிஆர்-ஏபிஎல் என்ற என்சைம் உருவாகி, நிறுத்தமே இல்லாமல் வேலை செய்து, வெள்ளணுக்களைப் பெருக்குகிறது. அது இயங்க ஏடிபி என்ற, செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறு வேண்டும். ஏடிபி வந்து உட்காரும் பள்ளத்தில் இமாட்டினிப் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. நோயாளிகளிடம் இதைச் சோதித்துக் காட்டியவர் பிரையன் டிரக்கர் என்ற டாக்டர். ஆனால் மூலக்கூறை வடிவமைத்தது சுவிட்சர்லாந்தின் சீபா-கைகி நிறுவனத்தில் இருந்த யூர்க் சிம்மர்மன் என்ற வேதியியலாளர்.

அவர்கள் கையில் முதலில் இருந்தது வேறொரு என்சைமைத் தடுக்கும் பொருள். ஒரு வளையத்தில் மீத்தைல் என்ற சின்ன அணுத் தொகுதி ஒன்றே ஒன்றைச் சேர்த்ததும் அந்தப் பழைய என்சைமைத் தொடுவது நின்றது, ஏபிஎல் மீதான பிடி அப்படியே இருந்தது. அப்புறம் பைப்பரசின் என்ற வளையத் துண்டு ஒன்றை ஒட்டியதும் தண்ணீரில் கரைந்தது, மாத்திரையாக விழுங்க முடிந்தது. 2001இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இது ஆர்கானிக் கெமிஸ்ட்ரி சார். உங்கள் பெண் பி.யு.சி. நோட்டில் பக்கம் பக்கமாக ரியாக்‌ஷன் மெக்கானிசம் போட்டு வைத்திருக்கிறாளே, அதேதான். நீட்டில் அவளைக் கீழே இழுத்தது பயாலஜி என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஒரு காலத்தில் இந்த மாத்திரை மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. நம் நாட்டு நிறுவனங்கள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் தயாரித்தன. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதன் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை தர மறுத்தது, மலிவு மாத்திரைக்கு வழி அடைபடவில்லை. வேலையும் முடிந்துவிடவில்லை. அந்த என்சைமில் 315ஆம் இடத்து அமினோ அமிலம் மாறிவிட்டால் இமாட்டினிப் பிடிப்பதில்லை, அதற்கு வேறு மூலக்கூறு தேவைப்பட்டது. மெடிசினல் கெமிஸ்ட் என்பவர் இதைத்தான் செய்கிறார்: ஒரு பொருளைச் செய்வது, காலம் (column) என்ற குழாயில் ஓட்டிப் பிரித்துச் சுத்தம் செய்வது, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவியில் சரிபார்ப்பது, உயிரியல் குழுவிடம் கொடுப்பது, அவர்கள் தரும் எண்ணைப் பார்த்து ஒரு மூலையை மாற்றி மறுபடி செய்வது.

இதற்குப் பெங்களூரை விட்டுப் போக வேண்டியதே இல்லை. பொம்மசந்திரா பக்கம் சின்ஜீன், ஆந்தெம், எலக்ட்ரானிக் சிட்டியில் ஆரிஜீன் என்று மருந்து ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. உங்கள் அல்சூர் வீட்டிலிருந்து பஸ் தூரம்.

வழி இது: இந்த வருடமே பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கல்லூரியின் பெயரைவிட லேப் முக்கியம். சேருமுன் உள்ளே போய், மாணவர்கள் கையால் செய்முறை செய்கிறார்களா, நச்சுப் புகையை இழுத்து வெளியேற்றும் ஃப்யூம் ஹுட் ஓடுகிறதா என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு. அதில் ஐஐடி எம்.எஸ்சி. கிடைக்கலாம், இங்கேயே ஐஐஎஸ்சியில் உதவித்தொகையோடு இன்டக்ரேட்டட் பிஎச்.டி.யும் கிடைக்கலாம். பி.யு.சி.யில் பி.சி.எம்.பி. (இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல்) எடுத்து கணக்கையும் படித்திருப்பது இங்கே உதவும். எம்.எஸ்சி.க்குப் பிறகு சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். படிக்கும்போதே வரும் பணம் அது.

கஷ்டத்தையும் சொல்கிறேன். எம்.எஸ்சி.யோடு வேலைக்குப் போனால் தொடக்கச் சம்பளம் ஐடி அளவுக்கு இருக்காது. பிஎச்.டி. இல்லாமல் மேலே ஏறுவது மெதுவாக நடக்கும். நாள் முழுக்க நின்று, கரைப்பான்களோடு வேலை. செய்கிற பொருட்களில் பெரும்பாலானவை மருந்தாகாது. இதைத் தாங்குவாளா என்று அவளிடம் கேட்க வேண்டும். கல்யாண வயது தாண்டிவிடும் என்று சித்தப்பா சொன்னதை நான் கணக்கில் எடுக்கவே மாட்டேன்.

கோச்சிங் முன்பணத்தை இப்போது கட்டாதீர்கள். பி.எஸ்சி. விண்ணப்பங்களைப் போட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை அவளை மட்டும் அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியலும் அந்த கெமிஸ்ட்ரி நோட்டும் கையில் இருக்கட்டும்.