ஒன்றாம் தேதி ஆனால் மறுபடி பூஜ்யம்

கேள்வி: எட்டு வருடமாக விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறேன். டார்கெட்டைப் பெரும்பாலும் முடித்துவிடுவேன். ஆனாலும் மாதக் கடைசி வாரம் தூக்கமே வருவதில்லை. இன்சென்டிவ் வந்தால் ஒரு நாள் சந்தோஷம். ஒன்றாம் தேதி கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்குகிறது. வேலையை விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் வாடிக்கையாளரைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. புலம்பல் எல்லாம் தேதியைப் பற்றித்தான். அதனால் விற்பது உங்களுக்குக் கசந்துவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை.

வேலைப்பளு மட்டுமே ஆளைச் சாய்ப்பதில்லை, பளு ஏறும்போது முடிவெடுக்கும் உரிமை கையில் இல்லாததுதான் சாய்க்கிறது என்று, வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-இல் எழுதினார். சேல்ஸில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டார்கெட்டை மேலே இருப்பவர்கள் போடுகிறார்கள். விலை, தள்ளுபடி, சரக்கு இருப்பு, டெலிவரி எதுவும் உங்கள் கையில் இல்லை. ஆர்டர் நழுவினால் மட்டும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஆகவே ரெவ்யூ மீட்டிங்கில் டார்கெட்டைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அது பெரும்பாலும் நடக்காது. அதிகாரம் கேளுங்கள். ஓரளவு தள்ளுபடியை மேனேஜருக்குப் போன் போடாமல் நீங்களே கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு வாங்குங்கள். எந்தக் கஸ்டமரை எப்போது பார்ப்பது என்பதை உங்களிடம் விடச் சொல்லுங்கள். யாரும் படிக்காத தினசரி ரிப்போர்ட் ஒன்றாவது இருக்கும், அதை நிறுத்தச் சொல்லலாம்.

ஆயுள் காப்பீட்டு முகவர்களை ஆராய்ந்து, உளவியல் ஆய்வாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் பீட்டர் ஷுல்மனும் 1986-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'வேண்டாம்' என்ற பதிலைத் தன் தகுதிக்குறைவாக எடுத்துக்கொள்ளாதவர்கள் அதிகம் விற்றார்கள், வேலையிலும் நீடித்தார்கள். (இதைப் பிடித்துக்கொண்டுதான் காலையில் வாட்ஸ்அப் குழுவில் உற்சாக வாசகம் போடுகிறார்கள் போலும். எட்டவே முடியாத டார்கெட்டை எந்த வாசகமும் எட்ட வைக்காது.) கஸ்டமர் மறுக்கும்போது விலையா, நேரமா, தேவையே இல்லையா என்று ஒரு வரி குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் அந்தக் குறிப்பைப் பார்த்தால், நழுவிய ஆர்டர்களில் எத்தனை உங்கள் தவறால் அல்ல என்பது தெரியும். மேனேஜரிடம் பேசவும் அது உதவும்.

மாதத் தொடக்கத்திலும் தூக்கம் கெட்டால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

கேட்டதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையென்றால் நிறுவனத்தை மாற்றுங்கள், தொழிலை அல்ல. அடுத்த நேர்காணலில், டார்கெட்டை எதை வைத்துப் போடுகிறீர்கள், போன வருடம் எத்தனை பேர் அதை எட்டினார்கள் என்று கேட்டுவிடுங்கள். சம்பளப் பேச்சு அதற்குப் பிறகு.