மல்லாந்து நீந்தும் பொய்மீன்

அன்புள்ள ஐயா,

கொடுவா மீன் பிடிக்க மரத்தில் மீன் வடிவப் பொய்யிரை செதுக்கினேன். மலைவேம்பு, 10 செ.மீ. நீளம். மடவை போலத் தெரிய வேண்டும் என்று கொசுவலையை மேலே விரித்து, ஸ்பிரே அடித்துச் செதில் போட்டேன். மூன்று வாரம் ஆனது. உப்பனாற்றில் இழுத்தால் மல்லாந்து சுழல்கிறது. பெயிண்ட் ஒரு பக்கம் கனத்துவிட்டதா? எந்தப் பெயிண்ட் வாங்கலாம்? மரம் சரிதானா?

கே., கடலூர்

அன்புள்ள கே.,

படத்தைப் பார்த்தேன். செதில் வரிசை அவ்வளவு நேர்த்தி. இந்தப் பொறுமை இருக்கிற கைக்கு இந்த வேலை நிச்சயம் வசப்படும். அதனால்தான் கோபமும் வருகிறது. மூன்று வாரம் வண்ணம் பூசியிருக்கிறீர்கள்; பூசுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை.

மலைவேம்பு நல்ல மரம், மாற்ற வேண்டாம். பெயிண்ட் எதுவானாலும் சரி.

பின்லாந்தில் லௌரி ரபாலா என்ற மீனவர் 1936இல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கி மேலே பூசினார். செதில் வரையவில்லை. கூட்டத்தில் ஒழுங்காக நீந்தும் மீன்களை விட்டுவிட்டு, தள்ளாடும் ஒன்றைத்தான் பெரிய மீன் அடிக்கிறது என்று கவனித்திருந்தார். அந்தத் தள்ளாட்டத்தைத்தான் அவர் செதுக்கினார். உங்கள் மீனுக்கு உடம்பு இருக்கிறது, தள்ளாட்டம் இல்லை. அதைத் தருவது வயிற்றில் வைக்கும் ஈயமும், மூக்கின் அடியில் தண்ணீரைத் தள்ளச் செருகும் வாய்த்தகடும்.

கட்டை சதுரமாக இருக்கும்போதே அறுப்பதையும் துளைப்பதையும் முடித்துவிட வேண்டும். உருண்டையாக்கிவிட்டால் வைஸில் நேராக நிற்காது, வாள் கோணும். 10 × 2.5 × 2 செ.மீ. கட்டையில் நடுக்கோடு போடுங்கள். வயிற்றுப் பக்கத்திலிருந்து 12 மி.மீ. ஆழத்துக்கு, மூக்கிலிருந்து வால்வரை ஓடி நூலுக்கும் ஹூக்குக்கும் வளையம் தருகிற கம்பிக்கான பிளவை ஆக்ஸா பிளேடால் அறுங்கள். அதே கோட்டில், நடு ஹூக்குக்குச் சற்று முன்னும் பின்னும் 6 மி.மீ. அகலத்தில், 9 மி.மீ. ஆழத்தில் ஈயத்துக்கு இரண்டு துளைகள். தகட்டுக்கான வெட்டையும் இப்போதே போடுங்கள். பிறகுதான் உளியும் அரமும். முதலில் எட்டுப் பட்டை, அப்புறம் பதினாறு, கடைசியாக உப்புத்தாள்.

இனி ஈயம். கம்பி மேலே, ஈயம் அதற்குக் கீழே, வயிற்றின் அடியில் இருக்க வேண்டும். உடம்பின் நடு உயரத்துக்கு ஏறினால் மீன் புரளும். வாலுக்குப் போனால் தூரமாக விழும், ஆனால் இழுக்கும்போது கட்டைபோல வரும். இந்த அளவுக்கு 4 கிராமில் தொடங்குங்கள். வலைக் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டே போதும், வீட்டில் உருக்க வேண்டாம்.

ஒட்டுவதற்கு முன் மரத்துக்குச் சீலர் இரண்டு கை பூசிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் மரம் தண்ணீர் குடித்து, பார்க்கிற கணக்கெல்லாம் பொய்யாகும். கம்பியைச் செருகி, வாய்த்தகட்டை வெட்டில் வைத்து, போடப்போகிற அதே ஹூக்கையும் ரிங்கையும் மாட்டி, ஈயத்தை வயிற்றில் டேப்பால் ஒட்டி வாளியில் விடுங்கள். முதுகு ஒரு கோடுபோல வெளியே தெரிய வேண்டும். விரலால் பக்கவாட்டில் சாய்த்து விட்டால் உடனே நிமிர வேண்டும். சோம்பி எழுந்தால் அரை கிராம் கூட்டுங்கள். மிதக்காமல் தாழ்ந்தால் குறையுங்கள். வாளியில் இருப்பது உப்பனாற்றுத் தண்ணீராக இருக்கட்டும். கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரை பங்கு கனம். 20 கிராம் பொய்யிரைக்கு அது அரை கிராம் வித்தியாசம். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் நடுவே நிற்கும்படி செய்தது கழிமுகத்தில் மேலே வந்துவிடும்.

ஹூக்கை மாற்றினாலும் திரும்ப வாளிக்கு வாருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள்.

உங்கள் மீனைச் சும்மா மிதக்க விட்டுப் பாருங்கள். அப்போதே சாய்ந்தால் குறை ஈயத்தில். நேராக மிதந்து, இழுக்கும்போது மட்டும் சுழன்றால் தகடு பெரிது அல்லது கோணல். பெரிதானால் இரண்டு ஓரத்தையும் சமமாக அரத்தால் தேய்த்துக் குறையுங்கள். சுழலாமல் இடப்பக்கமாக ஓடினால், மூக்கு உங்களைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு, நூல் கட்டும் மூக்கு வளையத்தைக் குறடால் வலப்பக்கம் மயிரளவு வளையுங்கள். புதிதாகச் செய்யும்போது தகட்டுக்குப் பழைய சிடியை வெட்டிக்கொள்ளுங்கள். அது 1.2 மி.மீ. பாலிகார்பனேட், அக்ரிலிக் மாதிரி நொறுங்காது.

ஈயக் குறைதான் என்றால் இந்த மீனை எறிய வேண்டாம். டேப்பில் எடை பார்த்துக்கொண்டு, வயிற்றில் கம்பியைத் தொடாமல் 6 மி.மீ. துளை போட்டு ஈயத்தை இறக்குங்கள். அரால்டைட் பசையை இரண்டு டியூபிலும் சமமாக எடுத்துக் கலந்து மூடி, ஒரு நாள் விடுங்கள். வயிற்றுக்கு மட்டும் வெள்ளை அடித்தால் போதும். முதுகுச் செதில் அப்படியே இருக்கட்டும்.