மீன் பிடிக்கக் கற்றுத்தரும் ஆசிரியரை ஆற்றைக் காப்பவர் என்று கௌரவிப்பது முரண் இல்லையா?

இல்லை. அந்தக் கௌரவத்துக்கு அவரைவிடப் பொருத்தமானவர்கள் குறைவு என்றே சொல்வேன். நியூ ஜெர்சியில் இருக்கிறேன், நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலை ஆறுகளில் ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொண்டவன்.

இந்தத் தூண்டிலில் புழுவும் கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. முள்ளில் இறகும் மான் முடியும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி ஒன்று இருக்கும். அதன் எடை மிகவும் குறைவு என்பதால், நூலின் எடையை வைத்துத்தான் வீச வேண்டும். அதுவும் அந்த வாரம் ஆற்றில் எந்தப் பூச்சி பறக்கிறதோ அதன் சாயலில் இருந்தால்தான் ட்ரவுட் மீன் ஏறிட்டுப் பார்க்கும். ஆகவே நல்ல ஆசிரியர் கோலைக் கையில் கொடுக்கும் முன் ஆற்றில் இறக்கிக் கல்லைப் புரட்டிப் பார்க்கச் சொல்வார். கல்லின் அடியில் மேஃப்ளையின் இளம்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வகைகள் தண்ணீருக்குள் ஓராண்டு வளர்ந்து, சிறகு முளைத்தபின் ஓரிரு நாளில் செத்துப்போகும். ஸ்டோன்ஃப்ளை இன்னும் நுணுக்கம். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலோ கழிவு கலந்தாலோ முதலில் காணாமல் போவது அதுதான். ஆறு நலமா என்று பார்க்க உயிரியலாளர்கள் எண்ணுவதும் இதே பூச்சிகளைத்தான். மீன் பிடிக்க வந்தவருக்கு அந்தக் கண் தானாக வந்துவிடுகிறது.

இந்தத் துறையில் ஆசிரியர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜோன் வுல்ஃப். 1926-இல் நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் பிறந்தவர். 1951-இல் தொலைவு வீச்சுப் போட்டி ஒன்றில், எதிரே நின்ற அத்தனை பேரும் ஆண்களாக இருக்க, அவர் ஜெயித்தார். ஆனால் என்னைக் கவர்ந்தது அதற்குப் பிந்தைய வேலை. நடனம் கற்றவர், கற்பித்தவரும்கூட. அதனால் வீச்சை உடம்பின் அசைவாகப் பார்த்தார். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வைத்து, பலத்தைவிட நேரக்கணக்கே முக்கியம் என்று விளக்கினார். ‘இது பழக்கத்தில்தான் வரும்’ என்று விட்டுவிட்ட ஒன்று, யாருக்கும் சொல்லித்தரக்கூடிய பாடமானது. பெண்கள் பலர் துணிந்து ஆற்றில் இறங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1979-இல் அவரும் கணவர் லீ வுல்ஃபும் கேட்ஸ்கில் மலையின் பீவர்கில் ஆற்றோரம், லூ பீச் என்ற சிற்றூரில் பள்ளி தொடங்கினார்கள். பிடித்த மீனை உயிரோடு ஆற்றில் விட வேண்டும், ஒரே தடவையில் தீர்த்துவிடக்கூடாத அளவுக்கு அது அருமையானது என்று 1930களின் கடைசியிலேயே எழுதியவர் லீ. அன்று பையை நிறைத்துக்கொண்டு போவதுதான் பெருமை. இன்று பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவது அமெரிக்க ட்ரவுட் ஆறுகளில் சாதாரண வழக்கம். சட்டம் மட்டும் இதைச் செய்திருக்காது, ஆசிரியர்கள் வகுப்பு வகுப்பாகச் சொல்லிச் சொல்லித்தான் வந்தது.

இதே கேட்ஸ்கில் மலையில் 19-ஆம் நூற்றாண்டில் தோல் பதனிட ஹெம்லாக் மரங்களைப் பட்டைக்காக வெட்டித் தள்ளினார்கள். நிழல் போனது, தண்ணீர் சூடேறியது, தோல் கழிவும் கலந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த ப்ரூக் ட்ரவுட் குறைந்து, 1880களில் ஜெர்மனியிலிருந்து வந்த பிரவுன் ட்ரவுட் அதன் இடத்தைப் பிடித்தது. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர்தான் உயிர் என்பதை அந்த ஊர் அனுபவித்தே தெரிந்துகொண்டது.

சரி, உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. முள் குத்தினால் மீனுக்குக் காயம்தான். விட்ட மீன்கள் எல்லாமே பிழைப்பதில்லை. முனையில் பின்னோக்கிய கூர் இல்லாத தூண்டில்முள், ஈரக் கை, மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல் கழற்றுவது எல்லாம் சாவைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. இதை மறைக்கும் ஆசிரியருக்கு நான் மாலை போட மாட்டேன்.

எனக்குக் கற்றுத்தந்தவர் வகுப்புக்கு முன் ஆற்றில் வெப்பமானியை வைப்பார். 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்று வகுப்பு ரத்து, கட்டணம் திரும்ப வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. போராடிக் களைத்த மீன் தேறாது. ஜூலை மாதத்து நல்ல வருமானத்தை இப்படி அவர் விட்டதைப் பார்த்திருக்கிறேன். யாரைக் கௌரவிக்கலாம் என்று என்னைக் கேட்டால், முதலில் இதைத்தான் விசாரிப்பேன்.

அப்புறம், எப்படிக் கௌரவிப்பது? கேடயம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 1959-இல் மிச்சிகனில் தொடங்கிய, ட்ரவுட் ஆறுகளைக் காக்கும் ட்ரவுட் அன்லிமிடெட் அமைப்பின் ஆதரவோடு பள்ளிகளில் ஒரு திட்டம் நடக்கிறது. பிள்ளைகள் வகுப்பறைத் தொட்டியில் ட்ரவுட் முட்டை பொரிப்பதிலிருந்து பார்த்து, தண்ணீரைச் சோதித்து, வளர்ந்த குஞ்சுகளை அனுமதித்த ஓடையில் விடுவார்கள். அந்தத் தொட்டியைக் குளிர வைக்கும் கருவிதான் செலவு பிடிக்கும் சாமான். அதை உங்கள் ஆசிரியர் பெயரில் ஒரு பள்ளிக்கு வாங்கிக் கொடுங்கள். இன்னும் பணம் மிஞ்சினால் அவர் பாடம் எடுக்கும் கரையில், வெயில் நேரே விழும் பக்கமாகப் பார்த்து, அந்த மண்ணுக்குரிய மரங்களை நடுங்கள். எந்தப் பக்கம் என்று அவரையே கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.