ரத்தம் கழுவும் உருண்டைகள்: கேட்டவையும் சொன்னவையும்

சென்னை டயாலிசிஸ் யூனிட்களில் 22 வருஷம் டெக்னீஷியனாக இருந்தவன். இயந்திரம், குழாய், டப்பா பற்றிக் கேளுங்கள். யாருக்கு என்ன மருந்து என்பது உங்கள் டாக்டரின் வேலை.

பெரம்பூர்: அப்பாவுக்கு டயாலிசிஸின்போது கூடவே ஒரு சின்ன டப்பா மாட்டினார்கள். டயாலிசரே வடிகட்டுகிறதே, இது எதற்கு சார்?

டயாலிசர் ஒரு சல்லடை. யூரியா, பொட்டாசியம் மாதிரிப் பொடிசுகள் அதில் தாண்டிவிடும். புரதத்தோடு ஒட்டிக்கொண்ட கழிவுகள் அவ்வளவு சுலபமாகத் தாண்டாது. அதற்குத்தான் அந்த டப்பா. உள்ளே ஜவ்வரிசியைவிடச் சின்ன பாலிமர் உருண்டைகள், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பல டப்பாக்களில் ஸ்டைரீனும் டைவினைல் பென்சீனும் சேர்த்துச் செய்தவை. ஒவ்வொன்றுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத சந்து பொந்துகள். சைட்டோசார்ப் என்ற பிராண்ட் டப்பா ஒன்றின் உட்பரப்பு 40,000 சதுர மீட்டருக்கு மேல் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ரத்த அணுக்களால் அந்தச் சந்துக்குள் புக முடியாது, வெளியே உருண்டு போய்விடும். புக முடிந்தது புகுந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டுவது விஷமா மருந்தா என்று உருண்டைக்குத் தெரியாது. வான்கோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கையும் அது விழுங்கும். "அடுத்த டோஸ் எப்போது?" என்று கேட்டுவையுங்கள். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுவும் (பிளேட்லெட்) குறையலாம்.

மடிப்பாக்கம்: செப்சிஸுக்கு இதை மாட்டினால் பிழைப்பார்களாமே?

செப்சிஸ் என்றால் தொற்றால் உறுப்புகளே பழுதாகும் நிலை. 2018இல் வெளியான ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட 450 நோயாளிகளிடம், பாக்டீரியா நச்சைப் பிடிக்கும் பாலிமிக்சின் பூசிய டப்பாவைப் பரிசோதித்தார்கள். 28 நாள் இறப்பு விகிதம் குறையவில்லை. செலவுக்குக் கையெழுத்துப் போடுமுன் எதற்காக என்று கேளுங்கள். ஆன்டிபயாட்டிக்கும் கூடவே போகும், மேலே சொன்னேன்.

அம்பத்தூர்: ஐயா, ஊர் முழுக்க இதை 'ஜெல்' என்கிறார்கள். அந்த உருண்டை கல் மாதிரி இருக்கிறது. ஜெல் என்றால் கொழகொழவென்று இருக்க வேண்டாமா? நான் ரெசின் கம்பெனியில் வேலை பார்த்தவன், சும்மா கேட்கவில்லை.

மாட்டிக்கொண்டேன்! நீங்கள் சொல்வது சரி. ரெசின்காரர்கள் கணக்கில் ஜெல் வகை வேறு, பெருந்துளை வகை வேறு. ஜெல் என்பது ரோஸ் மில்க்கில் ஊறிய சப்ஜா விதை மாதிரி, ஊறினால்தான் உள்ளே இடம், காய்ந்தால் மூடிக்கொள்ளும். பெருந்துளை உருண்டை நுரைக்கல் மாதிரி, காய்ந்தாலும் துளை அப்படியே இருக்கும். நம் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் நுரைக்கல் ரகம்.

ஆனால் நிஜமான ஜெல்லும் இந்த வேலையில் உண்டு. ரத்த வகை பொருந்தாத சிறுநீரக மாற்றுக்கு முன் பிளாஸ்மாவைத் தனியே பிரித்து அகரோஸ் உருண்டைகள் வழியே விடுவார்கள். அவற்றில் A அல்லது B வகைச் சர்க்கரைத் துண்டுகள் கோத்திருக்கும். அந்த ரத்த வகையைத் தாக்கும் எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி) அதில் போய்ச் சிக்கும். அகரோஸ் வருவது அகாரிலிருந்து. ரம்ஜானுக்கு நாம் சாப்பிடும் கடல்பாசியும், மண்டபம் பக்கம் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியில் இருப்பதும் அதே அகார்தான்.

அம்பத்தூர், மறுபடி: அப்போ முதல் டப்பாவை ஜெல் என்பது தப்புதானே?

தப்புதான். பழக்கத்தில் சொல்வார்கள், விடுங்கள்.

ராயபுரம்: ரத்தம் சுத்தமாக எந்த ஜூஸ் குடிக்கலாம்?

இதைக் கேட்கும் நாலாவது ஆள் நீங்கள். சிறுநீரகமும் கல்லீரலும் அந்த வேலையைத்தான் பார்க்கின்றன. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஸ்டார் ஃப்ரூட் பக்கமே போகாதீர்கள். விக்கல் நிற்காமல், வலிப்பு வந்து படுத்தவர்கள் உண்டு.

தாம்பரம்: பாம்பு கடித்தால் இந்த டப்பா உதவுமா?

108 கூப்பிடுங்கள். விஷமுறிவு ஊசிதான் மருந்து.

கொளத்தூர்: அண்ணா, டிடாக்ஸ் பாதப் பட்டை...

இல்லை.

அம்பத்தூர், மூன்றாவது முறை: உருண்டைக்குள் காற்று நின்றால்?

நல்ல கேள்வி. சலைன் விடும்போது டப்பாவை நிமிர்த்திப் பிடித்து, உள்ளங்கையால் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருப்போம். குமிழி ஒவ்வொன்றாக மேலே ஏறும். அவசரப்பட்டால் காற்று நின்ற இடத்தில் ரத்தம் உறையும், நோயாளிக்குப் போனாலும் ஆபத்து. உருண்டைக்குப் பதில் கரி நிரப்பிய டப்பா என்றால் சிலவற்றில் முதலில் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை நீர்) விடுவோம், கரி ரத்தச் சர்க்கரையையும் பிடித்துவிடும் என்பதால். அதைக் கழுவியபின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கலந்த சலைன். ஒரு பாட்டில் சலைன் முடியும்வரை தட்டினால் கை சிவந்துபோகும்.